ஒரு டிராக்கின் ஸ்வரங்களைப் பல டிராக்குகள் வாசிக்க: மிடி ரூட்டிங் எளிய அறிமுகம்

பியானோ டிராக் ஒன்றில் நான்கு கார்டுகளை வாசித்துப் பதிவு செய்துவிட்டீர்கள். அதே கார்டுகளை ஸ்ட்ரிங்ஸிலும் கேட்க ஆசை. கீழே ஒரு பேஸ் கிட்டாரும் சேர்ந்தால் இன்னும் நிறைவாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் முதலில் செய்வது, பியானோ கிளிப்பை நகலெடுத்து மற்ற இரண்டு டிராக்குகளிலும் ஒட்டுவதுதான். அப்போதைக்கு வேலை முடிந்துவிடும். மறுநாள் மூன்றாவது கார்டை மாற்றத் தோன்றும்போதுதான் சிக்கல் தெரியும். இப்போது மூன்று இடங்களில் மாற்ற வேண்டும். ஒன்றை மறந்தால் அந்த ஓர் இடத்தில் ஸ்ட்ரிங்ஸ் மட்டும் பழைய கார்டையே வாசிக்கும். கேட்பவருக்கு ஏதோ ஒட்டவில்லை என்று தெரியும், எது என்று சட்டெனச் சொல்ல முடியாது.

இதற்கு நல்ல வழி, ஸ்வரங்களை ஒரே டிராக்கில் வைத்துக்கொண்டு மற்ற டிராக்குகளை அதிலிருந்து வாங்கி வாசிக்கச் சொல்வது. இதைத்தான் மிடி ரூட்டிங் என்கிறோம். ஒவ்வொரு இசைப்பதிவு மென்பொருளிலும் மெனுக்கள் வேறுபடும். ஆனால் அடிப்படையில் இரண்டே விஷயங்கள்தான். மிடி எந்த இடத்தில் ஒலியாக மாறுகிறது என்பது ஒன்று. அனுப்புகிறவர் தள்ளுகிறாரா, வாங்குகிறவர் இழுக்கிறாரா என்பது இன்னொன்று. இவை பிடிபட்டுவிட்டால் எந்த மென்பொருளிலும் வழி கண்டுபிடித்துவிடலாம்.

மிடிக்குள் என்ன இருக்கிறது

கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் கணினிக்குள் போவது ஒலி அல்ல, சின்னஞ்சிறு செய்தி. ஒன்றாம் சேனலில் 60ஆம் எண் ஸ்வரம் தொடங்கட்டும், அழுத்திய வேகம் 90 என்ற அளவுக்குத்தான் அதில் தகவல் இருக்கும். விரலை எடுத்ததும் இன்னொரு செய்தி போகும்: 60ஆம் எண் ஸ்வரம் நிற்கட்டும். அந்த ஸ்வரம் எவ்வளவு நேரம் ஒலித்தது என்பது இரண்டு செய்திகளிலும் இல்லை. தொடக்கச் செய்திக்கும் நிறுத்தச் செய்திக்கும் நடுவே கழிந்த நேரம்தான் அதன் நீளம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஸ்வரம் எழுதிய தாள் ஒன்றை வயலின்காரரிடமும் புல்லாங்குழல்காரரிடமும் கொடுத்தால் இருவரும் ஒரே மெட்டை வாசிப்பார்கள், ஒலி மட்டும் வேறாக இருக்கும். மிடி அந்தத் தாள். சின்த்தும் (ஒலியைத் தானே உருவாக்கும் சின்தசைசர்) சாம்ப்ளரும் (பதிந்துவைத்த ஒலிகளை வாசிப்பது) அதைப் பார்த்து வாசிப்பவர்கள்.

மிடி பிறந்த கதையையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது உதவும், ஏனென்றால் இன்று நாம் சந்திக்கும் வரம்புகள் அங்கிருந்து வந்தவை. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த என்ஏஎம்எம் இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் ப்ராஃபெட்-600 சின்தசைசரையும் ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிட்டர்-6ஐயும் கம்பி போட்டு இணைத்துக் காட்டினார்கள். இரண்டு போட்டி நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. அதற்காக உழைத்த சீக்வென்ஷியல் நிறுவனர் டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்ட் நிறுவனர் இகுடாரோ ககெஹாஷிக்கும் 2013இல் டெக்னிக்கல் கிராமி விருது கிடைத்தது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் அந்த அடிப்படை விதிகள் அப்படியே வேலை செய்வது என்னை இன்னமும் வியக்க வைக்கிறது.

அந்த விதிகளில்தான் ‘16 சேனல்’ என்ற எண் இருக்கிறது. சேனல் என்பது, ஒரே கம்பியில் ஓடும் செய்தி எந்தக் கருவிக்கு என்று பிரித்துக் காட்டும் எண். ஒவ்வொரு செய்தியின் முதல் பைட்டிலும் எட்டு பிட்டுகள். ஒரு பிட், இங்கே புதுச் செய்தி தொடங்குகிறது என்று காட்டுவதற்கு. மூன்று பிட்டுகள், என்ன வகைச் செய்தி என்று சொல்வதற்கு. மீதி நான்கும் சேனலுக்கு. நான்கு பிட்டுகளில் 16 எண்களுக்குத்தான் இடம். அடுத்து வரும் பைட்டுகளில் முதல் பிட்டை அடையாளத்துக்கு ஒதுக்கிவிட்டால் ஏழு மிஞ்சும். அதனால்தான் ஸ்வர எண்ணும் வேகமும் 0 முதல் 127 வரை, மொத்தம் 128 அளவுகளில் நிற்கின்றன.

60ஆம் எண் என்பது நடு சி. இதை ஏபிள்டன் லைவ் என்ற இசைப்பதிவு மென்பொருள் சி3 என்று காட்டும், ரீப்பர் என்ற இன்னொன்று சி4 என்று காட்டும். இரண்டும் ஒரே கட்டைதான். ஒரு மென்பொருளில் படித்த பாடத்தை இன்னொன்றில் செய்து பார்க்கும்போது ஓர் ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி தள்ளிப்போவதற்குப் பல சமயம் இந்தப் பெயர் வேறுபாடே காரணம். பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள்.

எல்லைக்கோடு

ஒரு மிடி டிராக்கை இடமிருந்து வலமாகப் பாருங்கள். முதலில் உள்ளீடு: கீபோர்டிலிருந்தோ கிளிப்பிலிருந்தோ வரும் செய்திகள். அடுத்து ஆர்பெஜியேட்டர் (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது), டிரான்ஸ்போஸ் (ஸ்வரங்களை மேலே கீழே நகர்த்துவது) போன்ற மிடி எஃபெக்ட்கள். அதற்கப்புறம் இசைக்கருவி, அதாவது சின்த் அல்லது சாம்ப்ளர். கடைசியில் ரிவர்ப், ஈக்யூ போன்ற ஒலி எஃபெக்ட்கள்.

இதில் இசைக்கருவிதான் எல்லை. அதற்கு முன்னால் ஓடுவதெல்லாம் மிடி, பின்னால் ஓடுவதெல்லாம் ஒலி. ஒலியாக மாறிய பிறகு அதை இன்னொரு சின்த்துக்கு ஸ்வரங்களாகக் கொடுக்க முடியாது. எனவே இன்னொரு டிராக்குக்கு மிடி வேண்டுமென்றால் எல்லைக்கு முன்னாலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஏபிள்டன் லைவ் இதைக் கண்ணெதிரே காட்டும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். கருவி எதுவும் இல்லாத மிடி டிராக்கின் வெளியீட்டுப் பகுதியில் ‘மிடி டூ’ என்று எழுதியிருக்கும். அதில் ஒரு சின்த்தை இழுத்துப் போடுங்கள், அந்த எழுத்து அப்போதே ‘ஆடியோ டூ’ என்று மாறிவிடும். நேற்று இருந்த ‘மிடி டூ’ இன்று எங்கே போயிற்று என்று தேடுகிறவர்கள் டிராக்கில் கருவி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ரீப்பர் இந்த விஷயத்தில் தாராளமானது. பெரும்பாலான கருவிகளைப் போட்ட பிறகும் மிடி அவற்றைக் கடந்து டிராக்கின் கடைசிவரை ஓடும். ஆகவே பியானோ உள்ள டிராக்கிலிருந்தே ஸ்ட்ரிங்ஸுக்கு மிடியை அனுப்பலாம். ஒலியும் மிடியும் ஒரே டிராக்கில் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தள்ளுவதா, இழுப்பதா

லைவில் ஒவ்வொரு மிடி டிராக்கிலும் ‘மிடி ஃப்ரம்’ என்றொரு மெனு உண்டு. இந்த டிராக் யாரிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அதில் சொல்கிறோம். ‘மிடி டூ’வில் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்கிறோம். முதலாவது இழுப்பது, இரண்டாவது தள்ளுவது. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். இல்லை. ‘மிடி டூ’வில் ஒரே ஒரு முகவரியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஆனால் ஒரே டிராக்கை ‘மிடி ஃப்ரம்’ வழியாக எத்தனை டிராக்குகள் வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஆகவே ஒரு மூலத்திலிருந்து பல கருவிகளுக்குப் போக வேண்டுமென்றால் வாங்குகிற டிராக்குகள் இழுக்கட்டும். பல டிராக்குகளிலிருந்து ஒரே கருவிக்குப் போக வேண்டுமென்றால் அனுப்புகிற டிராக்குகள் தள்ளட்டும். எந்த மெனுவைத் திறப்பது என்று தடுமாறும்போதெல்லாம் இந்தக் கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முக்கால்வாசிக் குழப்பம் அதிலேயே தீரும்.

லைவில் ஒரு முழு உதாரணம்

தொடக்கத்தில் சொன்ன பியானோ, ஸ்ட்ரிங்ஸ், பேஸ் மூன்றையும் இப்போது கட்டிப் பார்க்கலாம். டிராக்குகளில் உள்ளீடு, வெளியீடு மெனுக்கள் தெரியவில்லையென்றால் ‘வியூ’ மெனுவில் இருந்து அந்தப் பகுதியைத் திறந்துகொள்ளுங்கள்.

முதலில் ஒரு வெறும் மிடி டிராக். அதற்கு ‘கார்டு மூலம்’ என்று பெயர் வையுங்கள். அதில் எந்தக் கருவியையும் போட வேண்டாம். ‘மிடி டூ’வில் ‘நோ அவுட்புட்’ என்று இருக்கட்டும். கார்டுகள் உள்ள கிளிப் இதில் மட்டும்தான் இருக்கும். கருவியே இல்லாத ஒரு டிராக் எதற்கு, பியானோ டிராக்கையே மூலமாக வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் நாளைக்கு பியானோ வேண்டாம் என்று அந்த டிராக்கை நீக்கினால் ஸ்ட்ரிங்ஸும் பேஸும் அதோடு மௌனமாகிவிடும். மூலம் தனியாக நின்றால் எந்தக் கருவியையும் பயமில்லாமல் மாற்றலாம். நான் எப்போதும் தனி மூலத்தையே பரிந்துரைப்பேன்.

அடுத்து பியானோவுக்கு ஒரு டிராக், ஸ்ட்ரிங்ஸுக்கு ஒன்று, பேஸுக்கு ஒன்று. மூன்றிலும் ‘மிடி ஃப்ரம்’ மெனுவில் ‘கார்டு மூலம்’ டிராக்கைத் தேர்ந்தெடுங்கள். அதற்குக் கீழே இன்னொரு சிறிய மெனு தோன்றும். அதில் ‘ப்ரீ எஃப்எக்ஸ்’ என்றால் மூல டிராக்கின் எஃபெக்ட்களுக்கு முன்னால் உள்ள வெறும் ஸ்வரங்கள் வரும். ‘போஸ்ட் எஃப்எக்ஸ்’ என்றால் எஃபெக்ட்களைக் கடந்து வந்தவை வரும். மூலத்தில் ஓர் ஆர்பெஜியேட்டரைப் போட்டுவிட்டு, ஸ்ட்ரிங்ஸை ‘ப்ரீ’யிலும் பியானோவை ‘போஸ்ட்’டிலும் வைத்துப் பாருங்கள். ஸ்ட்ரிங்ஸ் கார்டை நீளமாகப் பிடிக்க, பியானோ அதே கார்டைத் துளித்துளியாக உதிர்க்கும். ஒரே கிளிப்பிலிருந்து இரண்டு விதமான நடை. ரூட்டிங் கற்றுக்கொள்வதன் பலனை முதன்முதலாக உணர்வதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

இவ்வளவு செய்தும் பிளே அழுத்தினால் சத்தமே வராது. பயப்பட வேண்டாம், ‘மானிட்டர்’ பாக்கி இருக்கிறது. வாங்குகிற ஒவ்வொரு டிராக்கிலும் ‘இன்’, ‘ஆட்டோ’, ‘ஆஃப்’ என்று மூன்று பொத்தான்கள் உண்டு. ‘ஆட்டோ’வில் இருந்தால் டிராக்கை ஆர்ம் செய்தால்தான், அதாவது பதிவுக்குத் தயாராக்கினால்தான் உள்ளீடு கருவிக்குப் போகும். ‘இன்’ அழுத்தினால் எப்போதும் போகும். மூன்று டிராக்குகளிலும் ‘இன்’ அழுத்துங்கள், ஒலிக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். ‘இன்’ என்று வைத்த டிராக்கில் அதற்கென்று சொந்தக் கிளிப் இருந்தாலும் அது ஒலிக்காது. அந்த டிராக் அப்போது வெளியிலிருந்து வருவதை மட்டும்தான் வாசிக்கும்.

இனி ஒவ்வொரு கருவிக்கும் ஏற்றபடி ஸ்வரங்களைச் சீர்படுத்தலாம். ஸ்ட்ரிங்ஸ் டிராக்கில் கருவிக்கு முன்னால் ‘பிட்ச்’ என்ற மிடி எஃபெக்ட்டைப் போட்டு 12 ஸ்தானம் (ஒரு ஸ்தானம் என்பது அடுத்த கட்டை வரையிலான தூரம்) மேலே ஏற்றினால் அது ஓர் ஆக்டேவ் உயரத்தில் ஒலிக்கும். பேஸுக்கு முழுக் கார்டும் தேவையில்லை, இடது கை வாசித்த அடி ஸ்வரம் மட்டும் போதும். நீங்கள் இடது கையை 48 முதல் 59 வரையிலும் வலது கையை 60க்கு மேலும் வாசித்திருந்தால் இது சுலபம். அதே ‘பிட்ச்’ எஃபெக்ட்டில் ‘லோயஸ்ட்’, ‘ரேஞ்ச்’ என்று இரண்டு குமிழ்கள் உண்டு. லைவின் கணக்கில் 48 என்பது சி2. ‘லோயஸ்ட்’டை சி2இலும் ‘ரேஞ்ச்’சை 11இலும் வைத்தால் அந்த ஓர் ஆக்டேவ் மட்டும் உள்ளே வரும், மற்றவை வடிகட்டப்படும். பிறகு பேஸைக் கீழே இறக்க இரண்டாவதாக ஒரு ‘பிட்ச்’ போட்டு 12 ஸ்தானம் குறையுங்கள். ஒரே எஃபெக்ட்டில் இரண்டு வேலையையும் செய்யப் பார்ப்பதைவிட, முதலாவது வடிகட்ட, இரண்டாவது இறக்க என்று பிரித்துவைப்பது தெளிவு.

வேகத்தையும் மறக்க வேண்டாம். பியானோவுக்கு 40 என்பது மென்மையான தொடுகை. அதே 40 சில ஸ்ட்ரிங்ஸ் நூலகங்களில் காதுக்கே எட்டாது. ‘வெலாசிட்டி’ எஃபெக்ட்டைப் போட்டு ஸ்ட்ரிங்ஸுக்கு மட்டும் வேகத்தின் கீழெல்லையை உயர்த்திக்கொள்ளலாம்.

இவ்வளவும் வேண்டுமா என்று கேட்டால், எப்போதும் வேண்டாம். இரண்டு கருவிகள் சேர்ந்தே ஒலித்தால் போதும், தனித்தனி ஃபேடர் (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் பிடி) தேவையில்லை என்றால், ஒரே டிராக்கில் ‘இன்ஸ்ட்ருமென்ட் ரேக்’ வைத்து இரண்டையும் அதற்குள் அடுக்கிவிடுங்கள். அது எளிது. ஒவ்வொன்றையும் தனியாக மிக்ஸ் செய்ய, தனியாகப் பதிவு செய்ய, பாட்டின் நடுவே ஒன்றை மட்டும் மூலத்திலிருந்து பிரித்து வேறு மாதிரி வாசிக்கவைக்க நினைக்கும்போதுதான் ரூட்டிங் அவசியம்.

ரீப்பரிலும் எஃப்எல் ஸ்டுடியோவிலும்

ரீப்பரில் ‘மிடி டிராக்’, ‘ஆடியோ டிராக்’ என்ற பாகுபாடே இல்லை, எல்லாம் டிராக்தான். மூல டிராக்கின் ‘ரூட்’ பொத்தானைப் பிடித்து இழுத்து ஸ்ட்ரிங்ஸ் டிராக்கின் மேல் விட்டால் ‘சென்ட்’ ஒன்று, அதாவது இரண்டுக்கும் இடையே ஓர் இணைப்பு உருவாகி ஒரு சிறு ஜன்னல் திறக்கும். அதில் ஒலிக்கு ஒரு வரி, மிடிக்கு ஒரு வரி. மிடி ‘ஆல்’ இலிருந்து ‘ஆல்’ என்று இருக்கும், அதை அப்படியே விடுங்கள். ஒலி வரியை ‘நன்’ என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பியானோவின் ஒலியும் சேர்ந்து ஸ்ட்ரிங்ஸ் டிராக்குக்குள் கொட்டும். அப்புறம் ஸ்ட்ரிங்ஸுக்குப் போட்ட ரிவர்ப் பியானோவையும் நனைத்துவிடும்.

ரீப்பரில் ஒரு டிராக்கிலிருந்து எத்தனை சென்ட் வேண்டுமானாலும் போடலாம், எத்தனை டிராக்கிலிருந்தும் வாங்கலாம். தள்ளுவது இழுப்பது என்ற பிரிவு இங்கே முக்கியமில்லை. சென்ட் வழியாக வருவதற்கு மானிட்டரும் தேவையில்லை, நேரே கருவிக்குப் போகும். ஆனால் மூல டிராக்கை மியூட் செய்தால் அதன் சென்ட்களும் நின்றுபோகும். பியானோ மட்டும் கேட்க வேண்டாம் என்று மியூட் அழுத்தினால் ஸ்ட்ரிங்ஸும் அடங்கிவிடும். அதற்குப் பதில் பியானோ டிராக்கின் ஒலியை மொத்த வெளியீட்டுக்கு அனுப்பும் ‘மாஸ்டர் சென்ட்’ குறியை எடுத்துவிடுங்கள். தனி மூல டிராக் வைத்திருந்தால் இந்தத் தலைவலியே கிடையாது.

எஃப்எல் ஸ்டுடியோவில் வழி கொஞ்சம் வேறு. அங்கே சேனல் என்றால் ஒரு கருவிக்கான இடம், மிடி சேனல் எண் அல்ல. கருவிகளை அடுக்க மட்டும் வேண்டுமென்றால் ‘லேயர்’ என்ற சேனலைச் சேர்த்து, மற்றக் கருவிகளை அதன் பிள்ளைகளாக்கிவிட்டு, லேயரின் பியானோ ரோலில் எழுதினால் போதும். சற்றே பெரிய ரூட்டிங்குக்கு ‘மிடி அவுட்’ என்ற சேனலையும் போர்ட் எண்களையும் பயன்படுத்துவார்கள். மிடி அவுட்டில் போர்ட் 5 என்று வைத்து, வாங்க வேண்டிய பிளக்இன்னின் (மென்பொருளுக்குள் போடும் கருவியின்) உள்ளீட்டு போர்ட்டையும் 5 என்று வைத்தால் இரண்டும் இணைந்துவிடும். எண் பொருந்துவதுதான் அங்கே கம்பி.

16 சேனல்கள் எப்போது உதவும்

மேலே பார்த்தது ஒரு மூலம், பல கருவிகள். இதன் மறுபக்கமும் உண்டு. கான்டாக்ட் போன்ற சாம்ப்ளரைத் திறந்து, அதற்குள்ளேயே வயலின், வயோலா, செல்லோ மூன்றையும் ஏற்றி, முறையே 1, 2, 3 சேனல்களில் வைக்கலாம். ஒரு பிளக்இன் திறந்திருக்கும், மூன்று பேர் வாசிப்பார்கள்.

லைவில் இப்போது தள்ள வேண்டும். கான்டாக்ட் உள்ள டிராக் ஒன்று, கருவி இல்லாத வெறும் மிடி டிராக்குகள் இரண்டு. வெறும் டிராக்குகளில் ‘மிடி டூ’வில் கான்டாக்ட் டிராக்கைத் தேர்ந்தெடுத்து, கீழ் மெனுவில் ‘டிராக் இன்’ என்பதை விட்டுவிட்டு, கான்டாக்ட்டின் பெயரோடு 2, 3 என்ற சேனல் எண் உள்ளவற்றைத் தேர்ந்தெடுங்கள். ‘டிராக் இன்’ என்றால் செய்தி டிராக்கின் வாசலில் நின்று மானிட்டரின் அனுமதிக்குக் காத்திருக்கும். பிளக்இன்னின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் நேரே கருவிக்குப் போய்விடும். லைவில் சேனல் என்பது கிளிப்புக்குள் எழுதப்படுவதில்லை, வெளியீட்டு மெனுதான் அதைத் தீர்மானிக்கிறது. ரீப்பரில் ஒவ்வொரு ஸ்வரமும் தன் சேனல் எண்ணைத் தானே சுமந்திருக்கும். சென்ட்டில் 1ஆம் சேனலை 2க்கு மாற்றி அனுப்பவும் முடியும்.

மூன்று கருவிகளும் சேர்ந்து ஒரே ஸ்வரத்தை வாசிக்கின்றன என்றால், சாம்ப்ளருக்குள் சேனல் ‘ஓம்னி’ என்று இருக்கிறதா பாருங்கள். ஓம்னி என்றால் எந்தச் சேனலில் வந்தாலும் வாசி என்று பொருள்.

பிட்ச் பெண்டும் கமகமும்

நம் இசையைக் கீபோர்டில் வாசிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வளைவுகளுக்காகப் பிட்ச் வீலை அதிகம் பயன்படுத்துகிறோம். பிட்ச் பெண்ட் செய்தியில் இத்தனை ஸ்தானம் வளைக்க வேண்டும் என்ற தகவல் இல்லை. 0 முதல் 16383 வரை ஓர் எண், நடுவில் 8192. முழுத் தூரத்தில் எவ்வளவு பங்கு என்பதை மட்டுமே அது சொல்லும். முழுத் தூரம் எவ்வளவு என்பதைக் கருவிதான் முடிவு செய்கிறது.

பல சின்த்களில் அது இயல்பாகவே 2 ஸ்தானம். ஸட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு இழுக்கவே 4 வேண்டும் என்பதால், புல்லாங்குழல் சின்த்தில் பெண்ட் அளவை 12க்கு உயர்த்தியிருப்பீர்கள். இப்போது அந்த மெட்டை அப்படியே ஸ்ட்ரிங்ஸுக்கும் ரூட் செய்தால், புல்லாங்குழல் 4 ஸ்தானம் ஏறும்போது ஸ்ட்ரிங்ஸ் ஒரு ஸ்தானம்கூட ஏறாது. கேட்க நாராசமாக இருக்கும். ரூட்டிங்கில் எந்தத் தவறும் இல்லை. வாங்குகிற எல்லாக் கருவிகளிலும் பெண்ட் அளவை ஒன்றாக வைத்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று: பிட்ச் பெண்ட் ஸ்வரத்துக்குரியது அல்ல, சேனலுக்குரியது. ஸா-பா சுருதியைப் பிடித்துக்கொண்டே அதே சேனலில் மெட்டை வளைத்தால் சுருதியும் சேர்ந்து வளையும். சுருதி ஆட ஆரம்பித்தால் நம் இசையில் மிச்சம் என்ன இருக்கிறது? சுருதிக்குத் தனி டிராக் அல்லது தனிச் சேனல் கொடுங்கள், பெண்ட் செய்திகள் அங்கே போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

2018இல் ஏற்கப்பட்ட எம்பிஇ என்ற முறை, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு தனிச் சேனலை ஒதுக்கி இந்தக் குறையைத் தீர்த்தது. ஒவ்வொரு விரலும் தனித்தனியே வளைக்கலாம். எம்பிஇ கீபோர்டு வைத்திருப்பவர்கள் ரூட்டிங்கில் சேனலைப் பிரிக்கக் கூடாது. 1ஆம் சேனலை மட்டும் அனுப்பினால் ஸ்வரங்கள் வழியிலேயே தொலையும்.

சத்தம் வராதபோதும், அதிகமாக வரும்போதும்

ஒலி வரவில்லையென்றால் செய்தி போகும் வழியிலேயே நடந்து பாருங்கள். மூலக் கிளிப் ஓடுகிறதா? மூல டிராக்கின் மிடி மீட்டர் மினுங்குகிறதா? வாங்கும் டிராக்கின் மீட்டர் மினுங்குகிறதா? அங்கே மினுங்கவில்லையென்றால் தவறு ரூட்டிங்கிலோ மானிட்டரிலோதான். மினுங்கியும் ஒலி இல்லையென்றால் கருவிக்குள்தான் தவறு: சேனல் பொருந்தவில்லை, அல்லது அந்தக் கருவி வாசிக்காத உயரத்தில் ஸ்வரம் போகிறது, அல்லது வேகம் மிகக் குறைவு. டிரம் சாம்ப்ளர்களில் இது அடிக்கடி நடக்கும். பொதுவான மிடி வழக்கில் கிக் 36, ஸ்நேர் 38, மூடிய ஹைஹேட் 42. கார்டு டிராக்கை டிரம்முக்கு ரூட் செய்துவிட்டு 60க்கு மேல் வாசித்தால் அங்கே எந்த பேடும் இல்லாமலிருக்கலாம்.

ஒலி வருகிறது, ஆனால் அளவுக்கு மீறிச் சத்தமாக இருக்கிறதென்றால் ஒரே ஸ்வரம் இரண்டு வழியாக வந்து சேர்கிறது. லைவில் புது மிடி டிராக்கின் ‘மிடி ஃப்ரம்’ இயல்பாகவே ‘ஆல் இன்ஸ்’ என்றிருக்கும், அதாவது எல்லாக் கீபோர்டுகளையும் கேட்கும். ஒரு டிராக் இப்படிக் கீபோர்டை நேரடியாகக் கேட்டுக்கொண்டிருக்க, இன்னொரு டிராக்கும் அதே கீபோர்டை வாங்கி ‘மிடி டூ’ வழியாக இதற்கே தள்ளினால், ஒரே கருவி ஒரு விரலுக்கு இரண்டு முறை வாசிக்கும். ஒரு வழியை மூடிவிடுங்கள். மூல டிராக் மட்டும் கீபோர்டைக் கேட்கட்டும்.

சுற்றிச்சுற்றி வரும் ரூட்டிங்கையும் தவிர்க்க வேண்டும். ஒன்று இரண்டுக்கு அனுப்ப, இரண்டு மறுபடி ஒன்றுக்கே அனுப்பினால் செய்திகள் பெருகி மென்பொருளே திணறும். ரீப்பர் இப்படிப்பட்ட சுழற்சியை இயல்பாகவே அனுமதிப்பதில்லை. திட்ட அமைப்புகளில் வேண்டுமென்றே அனுமதித்தால்தான் நடக்கும். தொடக்கக் காலத்தில் அதைத் தொட வேண்டாம்.

அப்புறம் நிற்காமல் ஒலிக்கும் ஸ்வரம். ஸ்வரத்தின் நீளம் செய்தியில் இல்லை, நிறுத்தச் செய்தி வந்தால்தான் அது நிற்கும் என்று முதலில் பார்த்தோம். கட்டையை அழுத்திக்கொண்டிருக்கும்போதே ரூட்டிங்கை மாற்றினால் தொடக்கச் செய்தி பழைய கருவிக்குப் போயிருக்கும், நிறுத்தச் செய்தி புதிய கருவிக்குப் போகும். பழையது காத்துக்கொண்டே ஒலிக்கும். சஸ்டெயின் பெடலும் இப்படித்தான். அது 64ஆம் எண் கன்ட்ரோலர். அழுத்திய செய்தி போய், விட்ட செய்தி போகாவிட்டால் எல்லா ஸ்வரங்களும் தேங்கி நிற்கும். எனவே பாட்டை நிறுத்திவிட்டு, கையையும் காலையும் எடுத்துவிட்டு, அதன் பிறகே ரூட்டிங்கை மாற்றுங்கள். மாட்டிக்கொண்டால், எஃப்எல் ஸ்டுடியோவில் கன்ட்ரோல்-எச் எல்லாவற்றையும் அடக்கும். ரீப்பரில் எல்லாக் கருவிகளுக்கும் நிறுத்தச் செய்தி அனுப்பும் கட்டளை ‘ஆக்ஷன்ஸ்’ பட்டியலில் உண்டு.

இரண்டு வேறு மென்பொருள்களுக்கு இடையே மிடி போக வேண்டுமென்றால் நடுவில் ஒரு கற்பனைக் கம்பி வேண்டும். மேக்கில் ஐஏசி டிரைவர் கூடவே வருகிறது, ‘ஆடியோ மிடி செட்அப்’பில் அதை இயக்கினால் போதும். விண்டோஸில் லூப்மிடி என்ற சிறு மென்பொருளைப் பலர் பயன்படுத்துகிறார்கள்.

கடைசியில் பதிந்துவிடுங்கள்

ரூட்டிங் வழியாக வரும் ஸ்வரங்கள் வாங்கும் டிராக்கில் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை, ஓடும்போது மட்டுமே அங்கே இருக்கின்றன. இசையமைக்கும் கட்டத்தில் இது வசதி. ஆர்பெஜியேட்டரிலோ தற்செயல் எஃபெக்ட்டிலோ இருந்து பிறந்த ஒரு வரி நன்றாக அமைந்துவிட்டால், அதைக் கிளிப்பாகப் பிடித்துவைப்பது நல்லது. அடுத்த முறை அதே மாதிரி வராமல் போகலாம்.

லைவில் வாங்கும் டிராக்கை ஆர்ம் செய்து பதிவு செய்தால் வரும் ஸ்வரங்கள் அதிலேயே கிளிப்பாக விழும். பிறகு மானிட்டரை ‘இன்’னிலிருந்து ‘ஆட்டோ’வுக்கு மாற்றி ஆர்மையும் எடுத்துவிட்டால், அந்த டிராக் மூலத்தை விட்டுவிட்டுத் தன் கிளிப்பை வாசிக்கும். அதில் பேஸுக்கு மட்டும் ஒரு நடை, ஒரு துள்ளல் என்று கைவைத்து மாற்றலாம். ரீப்பரில் வாங்கும் டிராக்கின் பதிவு முறையை ‘அவுட்புட்’ வகையில் உள்ள ‘மிடி’ என்று மாற்றிவிட்டுப் பதிவு செய்யுங்கள். பதிந்த பிறகு சென்ட்டை மியூட் செய்ய மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் சென்ட்டில் வருவதும் பதிந்ததும் சேர்ந்து இரட்டையாக ஒலிக்கும்.

திட்டத்தை வேறொருவருக்கு அனுப்பும்போதும் இதே வேலையை முதலில் செய்துவிடுங்கள். உங்கள் ரூட்டிங் அவருடைய கணினியில் அப்படியே திறக்கும் என்று சொல்ல முடியாது. அவரிடம் அந்த பிளக்இன் இல்லாமல் போகலாம், அல்லது அவர் வேறு மென்பொருளே பயன்படுத்தலாம். ஒவ்வொரு டிராக்கிலும் அதற்குரிய ஸ்வரங்கள் கிளிப்பாக இருந்தால் சாதாரண மிடி கோப்பாக ஏற்றுமதி செய்து கொடுத்தாலே போதும். மூல டிராக்கை மட்டும் அழிக்காமல் மியூட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கார்டை மறுபடி மாற்றச் சொல்லி அவர் கேட்கக்கூடும்.